72(டி) தொடரை நடுவில் நிறுத்தினால் பழைய அபராதம் முழுக்கத் திரும்பி வருமா?

கரிசல்காரன்:

வணக்கம் நண்பர்களே. அமெரிக்க ஐஆர்ஏ (தனிநபர் ஓய்வூதியச் சேமிப்பு) கணக்கு பற்றிய கேள்வி இது. விவரம் தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

2022-இல் ஆள்குறைப்பில் வேலை போயிற்று. அப்போது எனக்கு வயது 52. பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள், வேறு வருமானம் இல்லை. 401(கே) (நிறுவனம் வழியான ஓய்வூதியச் சேமிப்பு) பணத்தை ஐஆர்ஏவுக்கு மாற்றி, 59½ வயதுக்கு முன் அபராதமின்றி எடுக்க விடும் 72(டி) விதியின்கீழ் ஆண்டுதோறும் ஒரே தொகையை எடுக்கத் தொடங்கினேன். தொடங்கியபோது கணக்கில் 5 லட்சம் டாலர் இருந்தது. 5% வட்டி வைத்து அமார்டைசேஷன் முறையில் (ஆயுட்காலம் முழுவதற்கும் சமத் தவணையாகப் பிரிப்பது) போட்டதில் வருடத்துக்கு 30,772 டாலர் வந்தது. ஜூன் மாதம்தோறும் எடுக்கிறேன். 2022 முதல் 2025 வரை நான்கு தவணை எடுத்தாயிற்று.

இப்போது நல்ல வேலை கிடைத்துவிட்டது. மனைவியும் வேலைக்குப் போகிறார். இருவர் சம்பளமும் சேர்ந்து 24% வரி அடுக்கில் நிற்கிறோம். இந்தப் பணம் இப்போது தேவையே இல்லை. எடுத்தால் கால்வாசி வரிக்குப் போகிறது. இந்த ஜூன் தவணைக்கு முன்பே நிறுத்திவிட நினைக்கிறேன். நிறுத்தினால் என்ன ஆகும்? எடுக்காத பணத்துக்கு அபராதம் எப்படி வரும் என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. பிறந்தது 1970 பிப்ரவரி.

பனித்துளி:

என் அலுவலக நண்பர் ஒருவர் இதே தொடரில் இருந்தார். ஐந்து வருடம் முடிந்தால் போதும் என்று சொன்னதாக ஞாபகம். 2027 ஜூன் வரை எடுத்துவிட்டு நிறுத்துங்கள், பிரச்சினை இருக்காது.

ஏட்டுக்கணக்கு:

பனித்துளி, அது உங்கள் நண்பருக்குச் சரியாக இருந்திருக்கும், கரிசல்காரனுக்குச் சரி வராது. ஐந்து வருடம், 59½ வயது, இரண்டில் எது *பின்னால்* வருகிறதோ அதுவரை தொடர் ஓட வேண்டும். 56 வயதில் தொடங்கியவருக்கு ஐந்து வருடம் பின்னால் வரும். 52-இல் தொடங்கியவருக்கு 59½ பின்னால் வரும். கரிசல்காரன் சார், உங்களுக்கு 59½ ஆவது 2029 ஆகஸ்ட். அதுவரை கை வைக்கக் கூடாது.

நான் வரி தயாரிப்பதையே தொழிலாகச் செய்பவன். கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இந்த விதியில் பலர் மாட்டுவது நீங்கள் கேட்ட அந்த இடத்தில்தான்.

59½-க்கு முன் ஐஆர்ஏவிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு டாலருக்கும் வருமான வரிக்கு மேல் 10% கூடுதல் வரி உண்டு. 'ஆயுட்காலக் கணக்குப்படி ஒரே சீராக எடுத்துக்கொண்டே இருப்பேன்' என்பவர்களுக்கு அந்த 10% விலக்கப்படுகிறது. விலக்கு கிடைத்ததே கடைசிவரை தொடர்வீர்கள் என்ற நிபந்தனையில்தான். நடுவில் நிறுத்தினால் நிபந்தனை உடைகிறது. அப்போது, முதல் தவணையிலிருந்தே விலக்கு இல்லாதது போல் கணக்குப் போடுவார்கள். இனி எடுக்கப்போகும் பணத்தை யாரும் கேட்கப்போவதில்லை. *ஏற்கனவே எடுத்த* பணத்துக்குத்தான் 10% வரும். அதோடு, அந்தந்த வருடம் கட்டியிருக்க வேண்டியதை இத்தனை நாள் கட்டாமல் இருந்ததற்கு வட்டியும் வரும்.

உங்கள் கணக்கு: நான்கு தவணை 1,23,088 டாலர். அதில் 10% என்றால் 12,309. ஐஆர்எஸ் (அமெரிக்க வரித்துறை) வட்டி விகிதம் காலாண்டுக்குக் காலாண்டு மாறும். 2023 அக்டோபர் முதல் 2024 கடைசி வரை 8% இருந்தது, 2025-இல் 7%. 2022 தவணைக்கு வட்டி அதிகம், 2025 தவணைக்குக் குறைவு. தோராயமாக எல்லாம் சேர்ந்து 2,000 டாலர் பக்கம் வரும். ஆக 14,300 டாலர் அளவில், தொடரை உடைக்கும் அந்த ஒரே வருட ரிட்டர்னில் மொத்தமாகக் கட்ட வேண்டும். வருமான வரி ஏற்கனவே கட்டிவிட்டீர்கள், அது மறுபடி வராது.

எந்த மாநிலத்தில் இருக்கிறீர்கள்? கலிஃபோர்னியா என்றால் மாநிலமும் தன் பங்குக்கு 2.5% கேட்கும்.

கரிசல்காரன்:

நன்றி சார், இப்போது புரிகிறது. டெக்சாஸில் இருக்கிறேன், மாநில வரி இல்லை.

இரண்டு சந்தேகம். ஒன்று, ஜூனில் எடுத்து 60 நாளுக்குள் அதே ஐஆர்ஏவில் திருப்பிப் போட்டுவிட்டால்? எடுத்ததாகவும் ஆகும், வரியும் வராது. இரண்டாவது, இந்த வருடம் மட்டும் பாதி எடுக்கலாமா?

ஏட்டுக்கணக்கு:

இரண்டும் கூடாது. தொடரில் எடுத்த தவணையை ரோல்ஓவர் செய்தால் (மறுபடி ஓய்வூதியக் கணக்கில் போட்டால்) தொடர் உடைந்ததாகவே அர்த்தம். 2002-62 என்ற ஐஆர்எஸ் தீர்ப்புரை இதைத் தெளிவாகச் சொல்கிறது. அந்தக் கணக்கில் வெளியிலிருந்து ஒரு டாலர் உள்ளே வந்தாலும் சிக்கல்தான். புதிய ஐஆர்ஏ பங்களிப்பு, பழைய 401(கே) ரோல்ஓவர் எதையும் அந்தக் கணக்கில் போடாதீர்கள். முதலீடு ஏறி இறங்குவது மட்டும்தான் அனுமதி.

பாதி எடுப்பதும் குறைத்து எடுத்ததாகவே ஆகும். ஆனால் முறைப்படி குறைக்க ஒரு வழி இருக்கிறது. இரவு விரிவாக எழுதுகிறேன்.

வடகரை வாசன்:

அந்த வழியை நான் 2024-இல் செய்திருக்கிறேன், அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

அமார்டைசேஷன் அல்லது ஆன்யுட்டி முறையில் தொடங்கியவர்கள், வாழ்நாளில் ஒரே ஒரு முறை ஆர்எம்டி (குறைந்தபட்சக் கட்டாயத் தொகை) முறைக்கு மாறலாம். தொடரை உடைத்ததாக ஆகாது. முன்பு இது 2002 தீர்ப்புரையில் இருந்தது, இப்போது 2022-6 என்ற அறிவிப்பில் இருக்கிறது. மாறினால், ஒவ்வொரு வருடமும் முந்தைய டிசம்பர் 31 அன்று கணக்கில் இருக்கும் தொகையை உங்கள் வயதுக்கான ஆயுட்கால எண்ணால் வகுக்க வேண்டும். அதுதான் அந்த வருடத் தவணை. மறுபடி பழைய முறைக்குத் திரும்ப முடியாது.

கரிசல்காரன், உங்கள் கணக்கில் 2025 டிசம்பர் 31 அன்று எவ்வளவு இருந்தது?

கரிசல்காரன்:

4,40,000 டாலருக்கு ஒட்டி இருந்தது.

வடகரை வாசன்:

இந்த வருடம் உங்களுக்கு 56 ஆகிறது. தனிநபர் ஆயுட்கால அட்டவணையில் 56-க்கு 30.6. 4,40,000-ஐ அதால் வகுத்தால் 14,379 டாலர். 30,772 எடுத்த இடத்தில் பாதிக்கும் குறைவு. அபராதம் ஒரு பைசா கிடையாது.

நான் மாறியபோது செய்த ஒரு வேலையைச் சொல்கிறேன். ஒரு தாளில் மாறிய வருடம், டிசம்பர் 31 இருப்பு, எந்த அட்டவணை, வகுத்த எண், வந்த தொகை எல்லாம் எழுதி, தேதி போட்டு, அன்றைய கணக்கு அறிக்கையோடு சேர்த்து வைத்திருக்கிறேன். மாறுவதாக ஐஆர்எஸ்ஸுக்கு முன்கூட்டியே எதுவும் அனுப்ப வேண்டியதில்லை. ஆனால் பிற்பாடு கேள்வி வந்தால் தொகை ஏன் பாதியானது என்று நாம்தான் காட்ட வேண்டும்.

அப்புறம், இந்த வருடத் தவணையில் ஒரு பகுதியைப் பழைய கணக்குப்படி எடுத்துவிட்டு நடுவில் மாறாதீர்கள். நீங்கள் ஜூனில்தான் எடுப்பீர்கள் என்பதால் நல்லதாயிற்று.

தாமரைக்குளம்:

எல்லோரும் அபராதத்தைத் தவிர்க்கவே வழி சொல்கிறீர்கள். கட்டிவிட்டு வெளியே வந்தால் என்ன நஷ்டம்? இன்னும் நான்கு தவணை இருக்கிறது: 2026, 27, 28, 29. ஒவ்வொன்றும் 30,772. இப்போது 24% கட்டுகிறார். விட்டுவைத்து ஓய்வுக்குப் பின் எடுத்தால் 12% அடுக்கில் எடுக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 12%. வருடத்துக்கு 3,690 டாலர், நான்கு வருடத்துக்கு 14,770. அபராதமும் வட்டியும் 14,300. ஏறக்குறைய சமம். அதற்கு மேல் பணம் உள்ளேயே வளரும், மூன்றரை வருடம் பயந்துகொண்டே இருக்கவும் வேண்டாம். எனக்கு இது அவ்வளவு மோசமான வழியாகத் தெரியவில்லை.

ஏட்டுக்கணக்கு:

தாமரைக்குளம், நல்ல கேள்வி. என்னிடம் வருபவர்களில் பலர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதே இல்லை. அபராதம் என்ற பயத்திலேயே முடிவெடுக்கிறார்கள். நீங்கள் போட்ட கணக்கில் தப்பில்லை. ஆனால் ஒப்பிட வேண்டியது 30,772-உடன் அல்ல. வாசன் சொன்ன வழியில் போனால் தவணை 14,400 பக்கம்தான். அதில் 12% வித்தியாசம் வருடத்துக்கு 1,725, நான்கு வருடத்துக்கு 6,900 அளவில். அதைத் தவிர்க்க 14,300 கொடுப்பது நியாயமாகப் படவில்லை. அதோடு 12% அடுக்கு என்பது எதிர்காலம் பற்றிய அனுமானம், 14,300 வரும் ஏப்ரலில் நிச்சயமாகக் கட்ட வேண்டிய தொகை.

நான் சொல்ல நினைத்தது இன்னொன்று. கரிசல்காரன் சார், புதிய வேலையில் 401(கே) இருக்கிறதா? எவ்வளவு போடுகிறீர்கள்?

கரிசல்காரன்:

இருக்கிறது சார். நிறுவனம் ஈடாகத் தரும் அளவுக்கு மட்டும் போடுகிறேன், சம்பளத்தில் 5%.

ஏட்டுக்கணக்கு:

அப்படியென்றால் உங்கள் பிரச்சினை பெருமளவு தீர்ந்த மாதிரிதான்.

2026-இல் 401(கே) வரம்பு 24,500 டாலர். 50 வயது தாண்டியவர்கள் இன்னும் 8,000 சேர்க்கலாம். மொத்தம் 32,500. தொடரிலிருந்து வரும் 14,379 டாலர் வங்கிக் கணக்கில் விழட்டும். அதே அளவு சம்பளத்திலிருந்து 401(கே)வில் கூடுதலாகப் பிடித்தம் செய்யச் சொல்லுங்கள், வரிக்கு முந்தைய வகையில். ஒரு பக்கம் 14,379 வருமானம் கூடுகிறது, இன்னொரு பக்கம் 14,379 சம்பளம் குறைகிறது. வரிக்குரிய வருமானம் இருந்த இடத்திலேயே நிற்கும். கைக்கு வரும் பணமும் ஏறக்குறைய அதே. ஐஆர்ஏவிலிருந்து போன தொகை புதிய 401(கே)வில் போய்ச் சேர்ந்திருக்கும். நிறுத்தினால் என்ன கிடைக்குமோ அதுவே, தொடரை உடைக்காமல்.

உங்கள் 5% பங்களிப்போடு சேர்த்து வரம்பைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 2026 முதல், முந்தைய வருடம் அதே நிறுவனத்தில் 1,50,000 டாலருக்கு மேல் சம்பளம் வாங்கியவர்கள் அந்தக் கூடுதல் 8,000-ஐ ராத் வகையில்தான் போட முடியும்; அதற்கு இப்போது வரிக்கழிவு கிடைக்காது. நீங்கள் புதிதாகச் சேர்ந்தவர் என்பதால் முதல் வருடம் அது பொருந்தாது.

எத்தனையோ பேர் வேலை கிடைத்த மகிழ்ச்சியில் தொடரை நிறுத்திவிட்டு, ஏப்ரல் மாதம் என்னிடம் வந்து உட்காருவார்கள். அப்போது செய்வதற்கு எதுவும் இருக்காது. இந்த 10% சட்டத்தில் கூடுதல் வரியாகவே எழுதப்பட்டிருக்கிறது. நல்ல காரணம் சொல்லித் தள்ளுபடி கேட்கும் பேச்சு அதில் எடுபடாது. இறப்பு, உடல் செயலிழப்பு போன்றவைதான் விதிவிலக்கு. வேலை கிடைத்தது, மனம் மாறியது, தெரியாமல் செய்துவிட்டேன் என்பதெல்லாம் கணக்கில் வராது. அதனால்தான் ஜூனுக்கு முன்பே நீங்கள் கேட்டதில் எனக்கு அவ்வளவு நிம்மதி.

பனித்துளி:

ஏட்டுக்கணக்கு சார், திருத்தியதற்கு நன்றி. ஒரு சந்தேகம். வேலைக்குப் போய்விட்டால் இந்தத் தொடரில் இருக்கவே கூடாது என்று ஒருவர் சொன்னார். அது உண்மையா?

ஏட்டுக்கணக்கு:

ஐஆர்ஏவில் அப்படி எதுவும் இல்லை. வேலை செய்துகொண்டே எடுக்கலாம். நேரடியாக 401(கே)விலிருந்து தொடர் தொடங்குவதானால் அந்த நிறுவனத்தை விட்டு விலகியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மெய்யப்பன்_ஓஹாயோ:

இந்த இழையைப் படித்ததும் பதறிவிட்டது. என் நிலைமையையும் பார்த்துச் சொல்லுங்கள். 2022 நவம்பரில் 57 வயதில் தொடங்கினேன். போன மே மாதம் 59½ தாண்டிவிட்டது. இனிமேல் அபராதம் கிடையாது என்று நினைத்து, கூரை மாற்ற அதே ஐஆர்ஏவிலிருந்து 8,000 டாலர் கூடுதலாக எடுக்க இருந்தேன். எடுக்கலாமா?

ஏட்டுக்கணக்கு:

எடுக்காதீர்கள். உங்களுக்குப் பின்னால் வருவது ஐந்து வருடம். அது 2027 நவம்பரில்தான் முடிகிறது.

இதே மாதிரி ஒரு வழக்கு 1998-இல் வரி நீதிமன்றத்தில் முடிந்தது, ஆர்னால்ட் வழக்கு. அவர் ஐந்து ஆண்டுத் தவணைகளையும் வாங்கிவிட்டார், 59½-உம் ஆகிவிட்டது. அதன்பிறகு ஒரு சிறு தொகையைக் கூடுதலாக எடுத்தார். முதல் தவணை எடுத்த தேதியிலிருந்து ஐந்து முழு வருடம் அப்போது முடிந்திருக்கவில்லை. ஐந்து தவணை என்பதும் ஐந்து வருடம் என்பதும் ஒன்றல்ல என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. 59½-க்கு முன் அவர் எடுத்த தவணைகளுக்கெல்லாம் 10% திரும்பி வந்தது.

உங்களுக்கு வேறு ஐஆர்ஏ இருக்கிறதா? தொடரில் சேராத கணக்கு என்றால், 59½ தாண்டியதால் அதிலிருந்து எவ்வளவு வேண்டுமானாலும் அபராதமில்லாமல் எடுக்கலாம். வருமான வரி மட்டும் வரும்.

மெய்யப்பன்_ஓஹாயோ:

இருக்கிறது சார், பழைய நிறுவனத்திலிருந்து வந்த சின்ன ஐஆர்ஏ. அதிலிருந்தே எடுத்துக்கொள்கிறேன். கும்பிடுகிறேன்.

மல்லிகா_என்ஜே:

நான் கொஞ்சம் வேறு விஷயம் சொல்கிறேன். தொடரை ஒழுங்காக நடத்தினாலும் தாள் வேலையில் அடிபடலாம்.

என் கணக்கு இருக்கும் நிறுவனம், எடுத்த தொகையைக் காட்டும் 1099-ஆர் படிவத்தின் 7-ஆம் கட்டத்தில் 2 என்று போடாமல் 1 என்று போட்டு அனுப்பியது. 1 என்றால் விலக்கு எதுவும் தெரியாது என்று அர்த்தம். தொலைபேசியில் கேட்டால், விலக்கை உறுதிசெய்வது எங்கள் வேலை இல்லை, நீங்களே ரிட்டர்னில் காட்டிக்கொள்ளுங்கள் என்றார்கள். கூடுதல் வரிக்கான 5329 படிவத்தில் விலக்கு எண் 02 போட்டு அனுப்பினேன். அப்படியும் ஐஆர்எஸ்ஸிடமிருந்து சிபி2000 கடிதம் வந்தது, 10% கட்டு என்று. கையில் எடுத்ததும் நெஞ்சு படபடத்தது. முதல் வருடக் கணக்குத் தாள், தொடங்கிய தேதி, ஒவ்வொரு வருடமும் எடுத்த அறிக்கை எல்லாம் நகலெடுத்து விளக்கக் கடிதத்தோடு அனுப்பினேன். ஒத்துக்கொண்டார்கள். அந்த முதல் தாள் என்னிடம் இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்குமோ.

வடகரை வாசன்:

மல்லிகா அக்கா சொல்வது முக்கியம். தானாகத் தவணை போகும்படி வைத்திருப்பவர்கள் டிசம்பர் முதல் வாரத்திலேயே அந்த வருடத் தொகை முழுவதும் வந்துவிட்டதா என்று பாருங்கள். ஜனவரிக்குத் தள்ளிப்போனால் ஒரு வருடம் குறைவாகவும் அடுத்த வருடம் அதிகமாகவும் எடுத்ததாகிவிடும்.

தாமரைக்குளம்:

கணக்கை வேறு நிறுவனத்துக்கு மாற்றலாமா? அடுத்த வருடம் நாங்கள் ஊர் திரும்புகிறோம். இந்திய முகவரி என்றால் கணக்கை வைத்திருக்க மாட்டோம் என்று எங்கள் நிறுவனம் சொல்கிறது. நான் தொடர் தொடங்கியது போன வருடம்தான்.

ஏட்டுக்கணக்கு:

முன்பு இது பெரிய கவலையாக இருந்தது. கணக்கின் ஒரு பகுதியை மட்டும் மாற்றினாலே தொடர் உடைந்ததாகக் கருதும் நிலை. செக்யூர் 2.0 சட்டம் 2024 முதல் இதைத் தளர்த்தியிருக்கிறது. இரண்டு கணக்கிலிருந்தும் சேர்த்து எடுக்கும் தொகை பழைய தொடருக்கு ஏற்றபடி இருந்தால் தொடர் உடைந்ததாக ஆகாது. ஆனாலும் என் யோசனை: மாற்றினால் முழுக் கணக்கையும் ஒரேயடியாக, நிறுவனத்திலிருந்து நிறுவனத்துக்கு நேரடியாக மாற்றுங்கள். அந்த வருடத் தவணையை முதலில் எடுத்துவிட்டு, அப்புறம் மாற்றுங்கள். நடுவில் காசோலை உங்கள் பெயரில் வரவே கூடாது.

ஊர் திரும்புவதால் 72(டி) கடமை முடியாது. எங்கே குடியிருந்தாலும் தவணை ஓட வேண்டும், உடைத்தால் 10% அப்படியே பின்னால் வரும். வரிப் பிடித்தம் எவ்வளவு, இந்தியாவில் எப்படிக் காட்டுவது என்பதெல்லாம் உங்கள் விசா, குடியுரிமை நிலையைப் பொறுத்தது. தனி இழையாகக் கேளுங்கள்.

கரிசல்காரன்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. மனைவியோடு உட்கார்ந்து பேசினேன். ஆர்எம்டி முறைக்கு இந்த வருடமே மாறுகிறேன். 401(கே) பிடித்தத்தைக் கூட்டச் சொல்லி அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தாயிற்று. கடைசியாக ஒன்று. மகளுக்கு இன்னும் ஒரு வருடக் கல்லூரிக் கட்டணம் இருக்கிறது. கல்விக்கு ஐஆர்ஏவில் தனி விலக்கு உண்டே, அதை இந்தக் கணக்கிலிருந்து எடுக்கலாமா?

ஏட்டுக்கணக்கு:

2009-இல் பென்ஸ் வழக்கில் வரி நீதிமன்றம், தொடர் ஓடும் ஐஆர்ஏவிலிருந்து உயர்கல்விச் செலவுக்கு எடுத்தது தொடரை உடைக்காது என்று தீர்ப்பளித்தது. அது வரி கட்டுபவர் பக்கம் வந்த நல்ல தீர்ப்பு. ஆனாலும் 14,300 டாலர் பணயமாக நிற்கும்போது, சம்பளம் வரும் வீட்டில் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம். ஜூனில் வரும் 14,379 எப்படியும் உங்கள் கைக்கு வருகிறது. கட்டணத்தை அதிலிருந்து கட்டுங்கள்.

புதுப்பாதை:

நான் இன்னும் தொடங்கவில்லை, அடுத்த மாதம் தொடங்க இருந்தேன். வயது 54, வேலையை விட்டாயிற்று, எல்லாம் ஒரே ஐஆர்ஏவில் 9 லட்சம் டாலர் இருக்கிறது. வருடத்துக்கு 25,000 இருந்தால் போதும்.

ஏட்டுக்கணக்கு:

தொடங்குவதற்கு முன்பே ஐஆர்ஏவை இரண்டாகப் பிரியுங்கள். 25,000 வருவதற்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவை ஒரு கணக்கில் வையுங்கள். 5% வட்டியில் சுமார் 4 லட்சம் வைத்தாலே போதும். தொடரை அதில் மட்டும் தொடங்குங்கள். மீதி தனியாகக் கிடக்கட்டும். நாளைக்கு அவசரம் என்றால் அதிலிருந்து எடுத்தால், எடுத்த தொகைக்கு மட்டும்தான் 10%. தொடருக்கு ஒன்றும் ஆகாது. பிரிப்பதைத் தொடங்கிய பிறகு செய்யாதீர்கள்.

இன்னொன்று, நீங்கள் விட்ட வேலையின் 401(கே) ஏதாவது இன்னும் அங்கேயே இருக்கிறதா? எந்த வருடம் விலகினீர்கள்? 55 ஆகும் வருடத்திலோ அதற்குப் பிறகோ விலகியிருந்தால், அந்த 401(கே)விலிருந்து இந்தத் தொடர் எதுவும் இல்லாமலே அபராதமின்றி எடுக்க முடியும். ஐஆர்ஏவுக்கு மாற்றிவிட்டால் அந்தச் சலுகை போய்விடும்.

புதுப்பாதை:

54-இல்தான் விலகினேன், போன மாதம். 401(கே) முழுவதும் மாற்றியாயிற்று. சரி, நாளைக்கே நிறுவனத்தைக் கூப்பிட்டு இரண்டாவது ஐஆர்ஏ திறக்கச் சொல்கிறேன். தொடர் தொடங்குவதை ஒரு மாதம் தள்ளிவைக்கிறேன்.